மீன்கள் நலம்

மீன்தொட்டிக்கு மாமா சொல்லிவிட்டுப் போன சட்டங்கள் மூன்று. ஞாயிற்றுக்கிழமைதோறும் தண்ணீர் மாற்ற வேண்டும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மாற்றக் கூடாது. குழாய்த் தண்ணீரை அண்டாவில் பிடித்து, இரண்டு நாள் திறந்து வைத்த பிறகே ஊற்ற வேண்டும்.

மாமா என் அத்தையின் கணவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை. காரைக்காலில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்போம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். அந்த முறை மெட்ராஸில் இறங்கி, ஒரு கண்ணாடித் தொட்டியும் ஆறு தங்கமீன்களும் வாங்கிக்கொண்டு வந்தார். லீவு முழுவதும் தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டே கழித்தார். அவர் போன பிறகு மீன்கள் அத்தையின் பொறுப்பு. அத்தைக்குப் பிள்ளைகள் கிடையாது. அடுத்த வீட்டிலிருந்த எனக்கு ஒன்பது வயது. அதனால் ஒத்தாசைக்கு நான்.

அந்தச் சட்டங்கள் எனக்குப் பிடிபடவே இல்லை. எங்கள் வீட்டில் நேற்றுப் பிடித்த தண்ணீரை அம்மா குடிக்கவே விடமாட்டாள். மீனுக்கு மட்டும் ஏன் இரண்டு நாள் பழசு? அழுக்கில் இரண்டு பங்கை அப்படியே விட்டுவிட்டு ஒரு பங்கை மட்டும் மாற்றுவது என்ன சுத்தம்? அத்தையைக் கேட்டேன்.

"எனக்கும் தெரியாதுடி. அவங்க சொன்னாங்க, செய்யறோம்" என்றாள்.

மாதம் ஒரு கடிதம் வரும். அத்தை அதை எனக்கு வாசித்துக் காட்டுவாள். மீன்கள் எப்படி இருக்கின்றன, தண்ணீர் மாற்றுகிறாயா, தீனி அதிகம் போடாதே. அவ்வளவுதான். மீதி பெரியவர்கள் சமாச்சாரம், அதனால் விட்டுவிடுகிறாள் என்று நினைத்துக்கொள்வேன். ஒருநாள் அவள் அடுப்படியில் இருந்தபோது எடுத்துப் பார்த்தேன். மீதி என்று எதுவும் இல்லை.

ஒரு சனிக்கிழமை அத்தை விழிதியூருக்கு ஒரு வளைகாப்புக்குப் போனாள். சாவி என்னிடம். மழைக்காலம் முடிந்து தொட்டி பச்சையாகிக் கிடந்தது. அவள் திரும்பி வரும்போது அசந்துபோக வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. ரப்பர் குழாயை வாயில் வைத்து உறிஞ்சி, இரண்டு மடக்கு விழுங்கி, மொத்தத் தண்ணீரையும் வெளியேற்றினேன். மீன்களை ஒரு வாளியில் விட்டுவிட்டு, தேங்காய் நாரால் கண்ணாடியைத் தேய்த்தேன். பிறகு குழாய்த் தண்ணீரையே குடம் குடமாகப் பிடித்து ஊற்றினேன். ஊரில் வயிற்றுப்போக்கு இருந்த வாரம் அது. தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் வாடை மூக்கைத் துளைத்தது. அதைத்தான் சுத்தத்தின் வாடை என்று நான் நம்பினேன்.

மீன்களை விட்டேன். தொட்டியில் தண்ணீர் இருப்பதே தெரியாத அளவுக்குப் பளிச்சென்றிருந்தது. சிறிது நேரத்தில் ஆறும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பசி என்று நினைத்துத் தீனி போட்டேன். சாயங்காலம் அத்தை பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தபோது ஆறும் பக்கவாட்டில் மிதந்துகொண்டிருந்தன.

அடி விழும் என்று சுவரோரம் நின்றேன். அத்தை பட்டுப்புடவையைக்கூட மாற்றாமல் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தாள். கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தாள். அழவும் இல்லை, திட்டவும் இல்லை. "யார்கிட்டயும் சொல்லாத" என்றாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல ரப்பர் குழாயை எடுத்தாள். மூன்றில் ஒரு பங்கை வெளியேற்றினாள். அண்டாவில் இருந்த தண்ணீரை என்னை மொண்டு ஊற்றச் சொன்னாள்.

"மீன்தான் இல்லையே, அத்தை. யாருக்கு?"

"ஊத்து."

ஊற்றினேன். அடுத்த ஞாயிறும் ஊற்றினேன். மாமாவுக்குப் போன கடிதத்தில் மீன்கள் நலம் என்று எழுதியிருந்தது. அதற்கடுத்த கடிதத்தில் ஒன்று நன்றாகப் பெருத்துவிட்டது என்று இருந்தது. பொய் சொன்னால் நாக்கு அழுகும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். அத்தை எனக்காகத்தான் இப்படிப் பொய் எழுதுகிறாள் என்று நினைத்து, அவள் சாப்பிடும்போதெல்லாம் நாக்கைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்து மாமா வந்தார். பெட்டியை வைத்ததும் நேராகத் தொட்டிக்குப் போனார். சுத்தமான தண்ணீர், அடியில் கூழாங்கற்கள். குனிந்து பார்த்தார், சுற்றி வந்து மறுபக்கமும் பார்த்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"மீனெல்லாம் எங்க?"

"செத்துப்போச்சு. நான்தான் மொத்தத் தண்ணியையும் மாத்திட்டேன்" என்றாள் அத்தை. என் பக்கம் திரும்பவே இல்லை.

"எப்ப?"

"நீங்க திரும்பிப் போன வருஷமே."

மாமாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நல்லா இருக்குன்னு மாசாமாசம் எழுதினியே."

"செத்துப்போச்சுன்னு எழுதியிருந்தா, அடுத்த லெட்டர்ல என்ன கேட்டிருப்பீங்க?"

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. காப்பி வேண்டுமா என்று கேட்பதுபோலத்தான் கேட்டாள். மாமா வாயைத் திறந்தார். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

எனக்கு அவர் மேல் பரிதாபமாக இருந்தது. இவ்வளவு சுலபமான கேள்விக்கா பதில் தெரியவில்லை? கேட்பதற்கா பஞ்சம்? கிளிஞ்சல்மேட்டுக் கடலில் மீன்பாடு எப்படி, மழை பெய்ததா, நான் பாஸானேனா என்று எத்தனை இருக்கிறது. கதவுக்குப் பின்னாலிருந்து எடுத்துக்கொடுக்கலாமா என்றுகூட யோசித்தேன்.