விமலேஸ்வரி அக்காவின் துரவுக்கு ஏறிய மீன்கள்

கிளிநொச்சிச் சந்தையில் கேட்டால் இப்படிச் சொல்வார்கள்: ஸ்கந்தபுரத்தில் விமலேஸ்வரி என்று ஒரு மனுசி, கந்தசஷ்டி விரதத்தோடு வயல் வரம்பில் நின்று மந்திரம் சொல்ல, குளத்து மீனெல்லாம் வரிசை பிடித்து அவரின் காலடிக்கு ஏறி வந்ததாம். ஓமந்தையில் கேட்டால் மீன்களின் நெற்றியில் திருநீறும் இருந்திருக்கிறது. கதை முல்லைத்தீவுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒரு மயிலும் வந்துவிட்டது.

மயில் எங்கே பஸ் ஏறியது என்று எனக்குத் தெரியாது. ஆனால் விமலேஸ்வரி அக்காவின் வயலும் என் வயலும் ஒரே வரம்பு. நடந்ததை முழங்கால் தண்ணீரில் நின்று பார்த்தவன் நான். உண்மையை நான் சொல்கிறேன், கேளுங்கள்.

அக்காவின் தகப்பன் புங்குடுதீவில் இருந்து குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து வந்தவர். அக்கா பிறந்தது இங்கேதான். தீவு ஆட்களின் மீன் ஆசை இரத்தத்தில் வந்தது. கடல் மட்டும் கூட வரவில்லை. ஆகவே ஆசை முழுக்கக் குளத்தில் இறங்கிவிட்டது. அக்காவுக்கு வாழ்க்கையில் இரண்டு பக்தி. ஒன்று முருகன், மற்றது விரால். பதினொரு மாதமும் இரண்டும் ஒற்றுமையாக இருக்கும். ஐப்பசியில் மட்டும் மோதிக்கொள்ளும்.

ஏனென்றால் மீனின் வருசம் அப்படி. ஆவணியில் குளம் வற்றி நடுக்கிடங்கில் மட்டும் தண்ணீர் நிற்கும். மீனெல்லாம் அங்கே ஒதுங்கி, கலியாண வீட்டுப் பந்தலில் மழைக்கு நின்ற சனம் மாதிரி நெருக்கிக்கொண்டு கிடக்கும். ஐப்பசியில் முதல் பெருமழை விழுந்து, வயல் தண்ணீர் ஓடை வழியே குளத்துக்குள் இறங்கும். புதுத் தண்ணீர் மூக்கில் பட்டதும் மீன் அந்த ஓட்டத்தை எதிர்த்து மேலே ஏறத் தொடங்கும். வயிறு முட்டச் சினை. ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள்தான் இந்த ஏற்றம். வயலுக்குள் முட்டையைப் போட்டுவிட்டால் பிறகு அது மீன் இல்லை, முள்ளு என்பது அக்காவின் தீர்ப்பு. மார்கழியில் குளம் நிறைந்து வான் பாயும்போது வலை போட்டால் கை நோவுதான் மிச்சம். தையில் குஞ்சுகள் வாய்க்கால் வழியே குளத்துக்குத் திரும்பும்.

இனி மருமகன் வீட்டுக் கதைக்கு வருவோம். அக்காவின் மகள் சாரங்கா வேலை செய்த தையல் தொழிற்சாலையில்தான் றொமேசைக் கண்டாள். லீவு நாளில் கடலுக்குப் போகும் முல்லைத்தீவுக் கரைப் பெடியன், மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரக் குடும்பம். இரண்டு வீட்டாரும் கொஞ்ச நாள் முகத்தை நீட்டிவிட்டு, ஆவணியில் பதிவுத் திருமணத்துக்குச் சம்மதித்தார்கள். கலியாணச் சாப்பாட்டுப் பந்தியில் றொமேசின் தாய் மார்கிறட் அக்கா எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்:

"மச்சாள், கடல் மீன் திண்டு வளந்த பிள்ளை. குளத்து மீனைக் குடுத்து வயித்தைக் கெடுத்துப் போடாதேங்கோ. அது ஒரே சேத்து மணம்."

விமலேஸ்வரி அக்கா பாயாசத்தைக் கீழே வைத்தார்.

"கந்தசஷ்டி முடிஞ்ச ஞாயிற்றுக்கிழமை எங்கடை வீட்டுக்கு வாங்கோ மச்சாள். மழை மீன் காய்ச்சித் தாறன். திண்டுபோட்டுச் சொல்லுங்கோ."

சொன்ன பிறகுதான் பிழை விளங்கியது. ஞாயிறு வரைக்கும் மழை பொறுத்திருக்குமா? விரத நாளில் மச்சச் சட்டியையே பரணில் ஏற்றி வைக்கும் வீடு. மழை முந்தினால் மீனும் போச்சு, மானமும் போச்சு.

மழை முந்தியது. சஷ்டி மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை காலை, வானம் கிழிந்தது. ஊரே கொசுவுக்குக் கட்டும் நுளம்பு வலை, பழைய சாரி, பனையோலைக் கடகம் என்று கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு ஓடைக்கு ஓடியது. அக்கா பாலும் பழமும் மட்டும் எடுத்த வயிற்றோடு வாசலில் நின்றார். அவரின் புருசன் குகதாசன் அண்ணைக்குப் பொறுக்கவில்லை.

"இஞ்சரப்பா, விரதம் உனக்குத்தானே? நான் போய் ரெண்டு பிடிச்சுக்கொண்டு வரட்டே?"

"பிடிச்சு? ஞாயிறு மட்டும் உங்கடை கட்டிலுக்குக் கீழையோ வைக்கப் போறியள்?"

"பொரிச்சு…"

"வாயைக் கழுவுங்கோ! சூரன்போர் முடியேல்லை."

சொல்லிவிட்டு அக்கா மண்வெட்டியைத் தூக்கினார். வயலின் மேல் மூலையில் அவர்களுக்கு ஒரு துரவு இருக்கிறது. கட்டில்லாத அகலக் கிணறு, மாட்டுக்கும் தோட்டத்துக்கும் தண்ணீர் எடுப்பது. அக்கா முதலில் மேல் வயலின் வரம்பை வெட்டி, மழைத் தண்ணீர் முழுவதையும் துரவுக்குத் திருப்பினார். துரவு நிரம்பி வழிந்தது. பிறகு துரவில் இருந்து ஓடைக்கு ஒரு சின்ன வாய்க்கால் வெட்டினார். தண்ணீர் சலசலவென்று இறங்கி ஓடையில் விழுந்தது.

"அக்கா, விரதத்தோடை மீன் பிடிக்கிறீங்களோ?" என்று என் வயலுக்குள் நின்று கேட்டேன்.

"நான் மீனைத் தொட்டனானோ? மண்வெட்டியைத்தான் தொடுறன். நீர் உம்மடை வேலையைப் பாரும்."

என் வேலையே பார்ப்பதுதானே, பார்த்துக்கொண்டு நின்றேன். முதலில் கெண்டைதான் வந்தது. ஓடையில் ஏறிக்கொண்டிருந்தவை பக்கத்தில் விழும் தண்ணீரில் ஒரு நிமிசம் மூக்கை வைத்து யோசித்து, இந்தப் பக்கம் திரும்பின. பின்னால் கெளுத்தி. கடைசியாக, தாமதமாக வரும் பெரிய மனிதர் மாதிரி, விரால்கள். தண்ணீர் காணாத இடத்தில் வயிற்றால் ஊர்ந்தும் வாலால் அடித்தும் ஏறின. அக்கா வரம்பில் அசையாமல் நின்றார். நெற்றியில் திருநீறு கரைந்து வழிந்தது, உதடு மட்டும் விடாமல் முணுமுணுத்தது. மழை இரைச்சலில் எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கே மயிர் கூச்செறிந்தது.

மத்தியானம் வாய்க்காலைச் சேறு போட்டு அடைத்தார். மீன்கள் குதித்து ஓடாமல் இருக்கத் துரவைச் சுற்றி நுளம்பு வலை கட்டினார். அதன் பிறகு பெரிய ஆபத்து மீனுக்கு வெளியில் இருந்துதான் வந்தது: கொக்கு, நாய், குகதாசன் அண்ணை. அக்கா குசினிக் கதிரையைத் துரவடியில் போட்டு உட்கார்ந்து, குடை பிடித்துக்கொண்டு காவல் இருந்தார். புதன்கிழமை அண்ணை "சும்மா பாத்திட்டு வாறன்" என்று தூண்டில் கம்போடு போய், கம்பில்லாமல் திரும்பி வந்தார்.

சூரன்போர் முடிந்தது, விரதம் விடும் பாறணையும் முடிந்தது. ஞாயிறு பூசை முடிந்து மார்கிறட் அக்கா வந்து இறங்கினார். சாரங்காவும் பின்னால் மீசை முறுக்கிய றொமேசும். மாமிக்குத் தன் கைத்திறனைக் காட்ட அவன் வீச்சுவலையும் கொண்டுவந்திருந்தான். துரவைச் சுற்றிப் பாதி ஸ்கந்தபுரம் நின்றது.

றொமேஸ் வலையை வீசினான். விரால் சேற்றுக்குள் புகுந்துகொண்டது. இழுத்தபோது வந்தது குகதாசன் அண்ணையின் ஒற்றைச் செருப்பு.

"அட, இதைத்தான் போன வருசம் தேடினனான்!" என்றார் அண்ணை.

"நீ கடலுக்குப் போறனி எண்டு வெளியிலை ஒருத்தருக்கும் சொல்லிப் போடாதை" என்று மகனைப் பார்த்துச் சொன்னார் மார்கிறட் அக்கா. சொன்னவர் சாரியைச் செருகிக்கொண்டு தானே துரவுக்குள் இறங்கிவிட்டார். கடலோரக் களப்பில் இறால் தடவிப் பழகிய கை. சேற்றைத் துழாவி ஒரு விராலைக் கவ்வித் தூக்கினார். விரால் சும்மா வருமா, வாலால் கன்னத்தில் ஒன்று கொடுத்தது. மார்கிறட் அக்கா சேறு வழிய வழியச் சிரித்தார். அந்த வீட்டில் அவர் முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான். கரையில் நின்ற விமலேஸ்வரி அக்கா கை கொடுத்தார். வழுக்கி அவரும் உள்ளே விழுந்தார்.

பந்தி வைத்தார்கள். புளி விட்டு மிளகு தூக்கலாகக் குழம்பு, சினை வேறாகப் பொரியல், சிவப்பரிசிச் சோறு. மார்கிறட் அக்கா முதல் வாயை மென்றார். அக்கா அகப்பையைப் பிடித்தபடி அவரின் தாடையையே பார்த்தார். குகதாசன் அண்ணைகூட மெல்லுவதை நிறுத்திவிட்டார். மார்கிறட் அக்கா சோற்றுக் கோப்பையை மறுபடி நீட்டினார். இரண்டாம் முறையும் முடித்து, விரலைச் சூப்பிவிட்டுச் சொன்னார்:

"சேத்து மணம் இருக்குத்தான் மச்சாள்." முள்ளொன்றை ஓரத்தில் ஒதுக்கி வைத்தார். "ஆனால் நல்ல சேறு."

அக்காவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். சூரனை வென்றது முருகனா இவரா என்று சந்தேகம் வரும்.

மார்கிறட் அக்கா மூன்றாம் முறை கோப்பையை நீட்டிக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "வரேக்கை பஸ்ஸிலை முழுக்க இதுதான் கதை. வரம்பிலை நிண்டு மந்திரம் சொல்லித்தானாம் மீனைக் கூப்பிட்டனீங்கள். என்ன மந்திரம் மச்சாள்? நாங்களும் கடல்லை சொல்லிப் பாப்பம்."

நான் காதைத் தீட்டிக்கொண்டேன். விமலேஸ்வரி அக்கா ஒரு பெரிய விரால் துண்டைச் சம்பந்தியின் கோப்பையில் போட்டார்.

"மந்திரமும் மண்ணாங்கட்டியும்! 'மாப்பிள்ளையின்ரை தாய்க்கு வாயை அடைக்கவேணும், கெதியா ஏறித் துலையுங்கோ சனியன்கள், எனக்குப் பசிக்குது' எண்டு மீனை ஏசிக்கொண்டு நிண்டனான்."