நடந்து காட்டிய படம்

எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் ஓர் ஆணி உண்டு. நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதில் தொழுகை நேரம் போட்ட காலண்டர் மட்டும்தான் தொங்கியது. உருவப் படம் எதையும் வீட்டுக்காரர் சுவரில் ஏற்ற விடமாட்டார். அவருடைய போட்டோ என்று இருப்பதே சவூதி போனபோது எடுத்த பாஸ்போர்ட்டில் உள்ளதுதான். அதில் பயந்த மனுஷர் ஒருவர் விறைத்துப் பார்க்கிறார்; என்னோடு வாழ்ந்தவர் அவரில்லை. இப்போது காலண்டர் சமையலறைக்குப் போய்விட்டது. ஆணியில் ஒரு படம் தொங்குகிறது.

அதை வரைந்தவள் எங்கள் மாடியில் குடியிருந்த துறையூர்ப் பெண். கதைக்குப் படம் போடுவதையே காலேஜில் படித்துப் பட்டம் வாங்கியவள். மலைக்கோட்டைக்குப் பின்னால் எங்கள் சந்தில் வீடு கேட்டு வந்தபோதே, முகம் வரைவதுதான் தன் பிழைப்பு என்று சொல்லிவிட்டாள். மாடியில் உன் இஷ்டம், கீழே கொண்டு வராதே என்றேன். அந்த வார்த்தையை அவள் மீறியதில்லை. சாப்பிட வரும்போது கையில் தாள் இருந்தால் கவிழ்த்துத்தான் வைப்பாள். அவள் செய்யாத வேலை கிடையாது. ஒரு நாள் கல்யாணப் பத்திரிகை, மறுநாள் மசாலா பாக்கெட். ஸ்ரீரங்கத்தில் ஒரு பல் ஆஸ்பத்திரிச் சுவர் முழுக்க யானை பல் தேய்க்கிற படம். உடம்பெல்லாம் பெயிண்டோடு பஸ்ஸில் வந்து இறங்குவாள். பிள்ளைகளுக்கான கதைப் புத்தகங்களும் உண்டு. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். மாடிக்குப் போய் ஒரு புத்தகத்தைப் படத்தை மட்டும் பார்த்துப் புரட்டினேன். கதை முழுக்கப் புரிந்தது. கெட்டிக்காரி என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

வீட்டுக்காரர் மவுத்தாகி, அவர் இல்லாமல் வந்த முதல் நோன்பு அது. பள்ளிவாசலில் இருந்து மகன் கஞ்சி வாங்கி வந்து, அவர் வருஷா வருஷம் கொண்டுபோன அதே தூக்குவாளியைக் கூடத்தில் வைத்தான். அவர் எந்தக் கையில் இதைப் பிடித்து வருவார் என்று யோசித்தேன். தெரியவில்லை. அவர் குரல் காதில் இருந்தது, நடை போய்விட்டது. அன்று கஞ்சி இறங்கவில்லை. மாடிப் பெண்ணிடம் சொன்னபோது, “நான் வரைஞ்சு தரேன். முகம் வேணாம் பெரியம்மா. முதுகு போதுமா?” என்றாள். முகமில்லாதது என் வரைக்கும் சரி என்று நானே துணிந்தேன். யாரிடமும் போய்க் கேட்கவில்லை.

நான் சொல்லச் சொல்ல வரைந்தாள். ஒன்றும் அவராக இல்லை. ஒரு படத்தில் மனுஷர் வேகவேகமாகப் போனார். “இவரு பஸ்ஸைப் புடிக்க ஓடுறாரு. எங்க வீட்டுக்காரருக்கு பஸ்தான் நிக்கும்” என்றேன். பென்சிலைக் கீழே வைத்தாள்.

“சொன்னா எனக்குப் புடிபடலை. நீங்களே நடந்து காட்டுங்க.”

இந்த வயசில் என்ன கூத்து என்று சிரித்தேன். பிறகு எழுந்து, சேலையைக் கைலி மாதிரி கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, தூக்குவாளியில் தண்ணீர் ஊற்றி எடுத்தேன். வாசலில் இருந்து கூடத்துக்கு நடந்தேன். நாலு எட்டு வைப்பதற்குள் வாளி தானாக இடது கைக்குப் போனது. இடது தோள் இறங்கியது, பாதம் வெளிப்பக்கம் திரும்பியது, வேகம் குறைந்தது. மனசு மறந்ததை உடம்பு எங்கேயோ பத்திரமாக வைத்திருக்கிறது. சமையலறையில் இருந்து எட்டிப் பார்த்த மருமகள் முதலில் சிரித்தாள். “மாமி, மாமாவே வர்றாப்ல இருக்கு” என்றவள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இன்னொரு தடவை நடக்கச் சொன்னாள் மாடிப் பெண். எத்தனை தடவை நடந்தேனோ, அவள் பார்த்துப் பார்த்து வரைந்து முடித்த பிறகும் எனக்கு நிறுத்த மனசில்லை.

இப்போது அவள் பெங்களூரில் இருக்கிறாள். செல்போன் விளையாட்டுக்குப் படம் வரைகிறாளாம். மாடியில் வேறு குடித்தனம். வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் ஆணியைப் பார்த்ததும், அண்ணன் கஞ்சி வாங்கிக்கிட்டுப் போறாரு என்கிறார்கள். ஒருவருக்கும் சந்தேகம் வந்ததில்லை. அந்தத் தோளும் பாதமும் என்னுடையவை என்று நானும் சொல்வதில்லை. படத்தில் அவர் எங்கள் வீட்டைப் பார்த்துப் போய்க்கொண்டே இருக்கிறார். திரும்பினால் அவர் முகம் தெரியுமோ, என் முகம் தெரியுமோ. திரும்ப வேண்டாம். கஞ்சி ஆறுவதற்குள் வீடு வந்து சேர்ந்தால் போதும்.