ரயிலில் விழாத மனிதர்

மேர்வின் ரயில் பெட்டிக்குள் ஏறியதும் உட்காரமாட்டார். சனம் இடித்துத் தள்ளினாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு முதலில் பெட்டி முழுவதையும் ஒருமுறை பார்ப்பார். சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட, ஒரு காலில் சப்பாத்து இல்லாத கிழவர் எங்கேயாவது இருக்கிறாரா என்றுதான் பார்ப்பது. ஐந்து வருடமாக அவர் இருந்தார். கடைசி இருக்கையில், சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு. அந்தக் கிழவரை உண்டாக்கியதே மேர்வின்தான். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

பேசாலை என்ற கடற்கரை ஊரில் பிறந்து, ஜெர்மனியில் பதினொரு வருடம் கோப்பை கழுவி, பிறகு லண்டனுக்கு வந்து கிங்ஸ்பரியில் ஒதுங்கியவர் மேர்வின். குத்துச்சண்டைப் போட்டிகளை நடத்தும் ஒரு சின்ன நிறுவனத்தில் சாமான் ஏற்றும் வான் ஓட்டுகிற வேலை. ஆனால் மனிதருக்கு ரத்தத்தைக் கண்டால் தலை சுற்றும். பதினாறு வருடத்தில் ஒரு சண்டையைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. என்றாலும் முதலாளி வெள்ளைக்காரனுக்கு அவரில் அப்படியொரு நம்பிக்கை. மேர்வின் கையில் கொடுத்த சாமான் நேரத்துக்குப் போய்ச் சேரும் என்று எல்லோருக்கும் சொல்லுவான். அந்தப் பேரைக் காப்பாற்ற மேர்வின் காய்ச்சலோடும் வான் ஓட்டியிருக்கிறார்.

அந்த நிறுவனத்துக்காகச் சண்டை பிடிக்கிறவர்களில் பெரிய ஆள் டெனுசன். டென்மார்க்கில் வளர்ந்த எங்கள் பொடியன். ஆறடி ஐந்து அங்குலம், கதவுக்குள் பக்கவாட்டில்தான் நுழைவான். முப்பத்துமூன்று வயதில் ஐரோப்பிய ஹெவிவெயிட் பட்டத்துக்கு அடுத்த சண்டைக்காரன் என்று அவன் பெயர் வந்தபோது, சண்டை என்றால் என்னவென்று தெரியாத மாமிமார்கூட அந்தோனியார் கோயிலில் பூசை முடிந்து அவனோடு நின்று படம் எடுத்தார்கள்.

சண்டை வந்ததா என்றால், அதுதான் இல்லை. ஏழு மாதம் இழுபறி. யார் ஊரில் நடத்துவது, யார் முதலில் மேடைக்கு வருவது, தோற்றவன் திரும்பக் கேட்டால் கொடுப்பதா என்று ஒவ்வொன்றுக்கும் டெனுசனின் பக்கமும் பட்டம் வைத்திருந்தவனின் பக்கமும் ஒற்றைக்காலில் நின்றார்கள். இரண்டு பேர் அடிபடுவதற்காக இருபது பேர் கோட்டுச் சூட்டோடு அடிபட்டார்கள், போங்கள்! கடைசியில் பட்டம் கொடுக்கிற சபைக்காரர் பொறுமை இழந்து ஒரு நாள் குறித்தார்கள். இரண்டு பக்கமும் தாங்கள் கொடுக்கக்கூடிய தொகையை எழுதி, உறையில் ஒட்டி, செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் கொண்டுவந்து வைக்கவேண்டும். எது பெரிதோ, சண்டையை நடத்தும் உரிமை அவர்கள் கையில். பிந்தி வந்த உறை செல்லாது.

உறை மேர்வினிடம் வந்தது. காலை ஒன்பது மணி. நடு நகரில் வான் விட இடமில்லை, ரயிலில் போக முக்கால் மணித்தியாலம் போதும். தாராளமாக நேரம் இருந்தது. செவ்வாய்க்கிழமை வேறு.

செவ்வாய் அந்தோனியாருடைய நாள். விசாப் பேப்பர், கடையின் திறப்புச் சாவி, பிள்ளையின் சோதனை அட்டை, எதுவானாலும் பூசை முடியும்வரை கோயிலில் அவருடைய சுருபச் சிலையின் காலடியில் வைத்து எடுத்துக்கொண்டு போவது எங்கள் ஆட்களின் வழக்கம். மேர்வினும் வைத்தார். தன் பெண்சாதி றஜீனாவின் விசாவை வைத்த அதே இடத்தில், வெள்ளை உறையை வைத்துவிட்டு, “அந்தோனியாரே, பொடியனைப் பாரும்” என்று முழங்காலில் நின்றார். நற்கருணை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தால் காலடி துடைத்து விட்டாற்போல் இருந்தது.

மன்றாட்டு எழுதிய உறைகளும் அங்கேதான் வைப்பார்கள். கோயிலைப் பராமரிக்கும் அருள்நாயகி அக்கா எல்லாவற்றையும் ஒன்றாக அள்ளிப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டி, திறப்போடு வெம்பிளிக்கு மரக்கறி வாங்கப் போய்விட்டா. போனை எடுக்கவில்லை. மேர்வினுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடை கடையாகத் தேடி, முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்ற அக்காவைப் பிடித்துக் கோயிலுக்குக் கூட்டிவந்து, பெட்டியைத் திறப்பித்து, உறையை எடுத்துக்கொண்டு அவர் ரயிலேறியபோது பதினொன்று இருபது தாண்டிவிட்டது. சபை மேசைக்கு முன்னால் போய் நின்றபோது பன்னிரண்டு ஏழு. அங்கே இருந்தவர் சுவர் மணிக்கூட்டைக் காட்டினார். மற்றப் பக்கத்தின் உறை மட்டும் உடைபட்டது.

முதலாளி போனில் கத்தினான். அந்தோனியாரின் காலடியில் வைத்தேன் என்று அவனுக்கு எந்த வாயால் சொல்வது? ரயிலில் ஒரு வயதான மனிதர் விழுந்துவிட்டார், அவசர உதவி வரும்வரை ரயில் நின்றுவிட்டது என்று மேர்வின் சொன்னார். அத்தோடு முடியும் என்று நினைத்தார், பாவி மனிதர். மறுநாள் நிறுவனத்தின் இரண்டு சட்டத்தரணிகள் வந்து இருந்துகொண்டார்கள். என்ன கோட்டு? சாம்பல். வேறு? ஒரு சப்பாத்து கழன்று உருண்டது. முகம்? சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது. எல்லாவற்றையும் எழுதி, அவரிடம் கையெழுத்தும் வாங்கி மேன்முறையீடு போட்டார்கள். அது எடுபடவில்லை.

மற்றப் பக்கம் தன் ஊரில் நாள் வைத்தது. ஒப்பந்தத்தில் புதிதாக ஒரு நிபந்தனை போட்டது. இங்கே கையெழுத்து வைக்க மறுத்தார்கள். நாள் தள்ளிப்போனது, பிறகு இன்னொரு நாள், இன்னொரு நிபந்தனை. கை ஆறிப்போகக்கூடாது என்று டெனுசன் இடையில் ஒரு சின்னச் சண்டை பிடித்தான். அதில் இடது கண்ணின் விழித்திரை கிழிந்தது. பார்வையோடு சண்டை பிடிக்கிற உரிமமும் போனது. பட்டத்துக்கு அவன் ஒரு குத்துக்கூட விடவில்லை.

கண் போன செய்தி வந்த கிழமைதான் கிழவர் முதன்முதலாக ரயிலில் இருந்தார். சாம்பல் கோட்டு. ஒரு காலில் வெறும் காலுறை. மேர்வின் அடுத்த தரிப்பில் இறங்கி வீட்டுக்கு நடந்தார். அதற்குப் பிறகு எந்தப் பெட்டியில் ஏறினாலும் அவர்தான். மேர்வின் கோயிலுக்குப் போவதையும் விட்டார். றஜீனா கேட்டால் முழங்கால் நோகுது என்பார்.

போன மாசி மாதம், கலியாண நாளும் செவ்வாயுமாக ஒன்றாய் வர, றஜீனா பிடித்த பிடியில் மேர்வினைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனா. பூசை முடிந்து அவ பாண் ரொட்டி வாங்கப் போக, சுருபத்தடியில் ஒரு பெரிய முதுகு தெரிந்தது. மேர்வினின் முகத்தில் ஈயாடவில்லை.

“ஆர், மேர்வின் அண்ணையோ? இந்தப் பக்கம் வாங்கோ, அந்தக் கண் தெரியாது.” டெனுசன் இரண்டு மெழுகுதிரி கொளுத்தியிருந்தான்.

“சுகமோ, தம்பி? ரெண்டு திரி ஆருக்கு?” ஏதாவது கேட்கவேண்டுமே என்று கேட்டார்.

“ஒண்டு அம்மாக்கு. மற்றது உங்கட மனிசனுக்கு.”

“என்ர மனிசனோ?”

“ரெயிலில விழுந்தாரெல்லோ, சாம்பல் கோட்டு. முதல்ல எனக்கு அந்தாளில சரியான கோவம். திட்டாத திட்டில்லை. விழுறதுக்கு அண்டைக்கோ நாள் கிடைச்சது எண்டு. பிறகு கண் ஒப்பரேசன் செய்து படுத்துக் கிடக்கேக்க யோசிச்சன். அந்தாளுக்கு என்ன நடந்துதோ, பிள்ளையள் இருந்திச்சினமோ எண்டு. வெக்கமாப் போச்சு, அண்ணை. அண்டைக்கு மன்னிச்சன். செவ்வாய்க்குச் செவ்வாய் ஒரு திரி கொளுத்துறன்.” அவன் நல்ல கண்ணை மேர்வினின் பக்கம் திருப்பினான். “உங்களைக் கண்டால் கேக்கவேணும் எண்டிருந்தன். அவர் தப்பினவரோ?”

ஓம் தம்பி, தப்பிவிட்டார் என்று ஒரு சொல் சொன்னால் போதும். பொடியன் நிம்மதியாக வீட்டுக்குப் போவான். மேர்வின் வாயைத் திறந்தார். டெனுசனின் தோளுக்கு மேலால், கோயிலின் கடைசி வாங்கு இருக்கையில், சாம்பல் கோட்டு இருந்தது. இந்த முறை அது இந்தப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.

“அப்பிடி ஒரு மனிசன் இல்லை, தம்பி.”

“விளங்கேல்லை.”

“ஒருத்தரும் விழேல்லை. ரெயில் நிக்கேல்லை. உறையை நான் இந்தக் காலடியில வைச்சனான். உனக்காகத்தான் வைச்சனான். பெட்டிக்குள்ள பூட்டுப்பட்டுப் போச்சு. சொல்லப் பயந்து பொய் சொன்னன்.”

டெனுசன் சுருபத்தின் காலைப் பார்த்தான். அங்கே யாரோ வைத்த கார்த் திறப்பு ஒன்று கிடந்தது.

“அப்ப அஞ்சு வருசமா நான் ஆரை மன்னிச்சனான்?” என்று கேட்டான்.

மேர்வின் அழுதார். டெனுசன் கையை நீட்டி, தாயின் திரியை விட்டுவிட்டு, மற்றதை இரண்டு விரலால் நசுக்கி அணைத்தான். பிறகு தெரியாத கண் பக்கமாக அவரைக் கடந்து வெளியே போனான்.

அன்று திரும்பும்போது ரயிலில் கிழவர் இல்லை. அடுத்த நாளும் இல்லை. றஜீனா இடம் பிடித்துவைத்துக் கூப்பிட்டாலும், டெனுசன் மன்னித்த அந்த மனிதரை மேர்வின் இன்னும் நின்றபடி பெட்டி பெட்டியாகத் தேடுகிறார்.