கடலில் ஊறிய பலகை

காசிலிங்கம் அண்ணாச்சியின் பலகைப் பட்டறைக்குள் புதிதாக நுழைகிறவர் யாராயிருந்தாலும் முதலில் கண்ணைத்தான் கசக்குவார். ஒட்டுப்பலகைக்குத் தடவுகிற பசையில் பார்மலின் உண்டு. அந்த நெடி கண்ணில் மிளகாய்ப்பொடி தூவியதுபோல ஏறும். பத்து நாளில் பழகிவிடும் என்று அண்ணாச்சி சொல்லுவார். அவருக்கென்ன, கடல்காற்று வருகிற முன்வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பவர்.

மலையாளத்துப் பக்கமிருந்து லாரியில் வருகிற மெல்லிய மரத்தகடுகளை மூன்று மூன்றாக ஒட்டி, அழுத்தி, தேயிலைப் பெட்டிக்குப் பலகை செய்வது அங்கே தொழில். அதில் அண்ணாச்சி ஒரு சட்டம் வைத்திருந்தார். பசை கலக்குகிறவனும் அதைத் தடவுகிறவளும் புருஷன் பெண்டாட்டியாக இருக்க வேண்டும். பலகை பிரிந்துபோனால் கலக்கியவன் தடவியவளைக் குறை சொல்லுவான், தடவியவள் கலக்கியவனைச் சொல்லுவாள். அந்தச் சண்டையை வீட்டில் வைத்துக்கொள்ளட்டும் என்பது அவருடைய யோசனை. கெட்டிக்கார யோசனைதான். ஆனால் ஒருத்தர் வேலையை விட்டு நின்றால் இரண்டு பேரும் நிற்க வேண்டும்.

அப்படிச் சேர்ந்த ஜோடிதான் சிலுவையும் விக்டோரியாவும். சிலுவை இளவயதிலிருந்து சங்கு குளித்தவர். அறுபத்தொன்றில் முத்துக் குளித்தபோதும் இறங்கியிருக்கிறார். அதற்கப்புறம் காதுச் சவ்வு கிழிந்து சீழ் வைத்துவிட்டது. இனிமேல் முங்கினால் மிச்சமிருக்கிற காதும் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இருவரும் ஒரு வருஷம் உப்பளத்துக்குப் போனார்கள். மழை பிடித்ததும் அங்கே வேலை நின்றது, வீட்டில் அடுப்பும் நின்றது. பட்டறையில் மழைக்காலத்திலும் வேலை உண்டு என்று கேள்விப்பட்டு அண்ணாச்சியிடம் வந்தார்கள்.

மூன்றாவது வருஷம் விக்டோரியாவுக்கு மூச்சிழுப்பு வந்தது. முதலில் படிந்த சளி என்றாள். பிறகு தெருக்குழாயிலிருந்து வீட்டுக்கு ஒரு குடம் சுமக்க இரண்டு இடத்தில் நின்றாள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்தே தூங்கப் பழகிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன வேலை என்று கேட்டார். கேட்டுவிட்டு, அந்த நெடியை விடாவிட்டால் இந்த நெஞ்சு ரொம்ப நாள் தாங்காது, வேலையை மாற்றிக்கொள்ளுங்கள் என்றார். வேலையென்ன சட்டையா, கழற்றி மாற்றுவதற்கு?

வேலையை மாற்ற முடியாது, பசையை மாற்றலாமே என்று சிலுவைக்குத் தோன்றியது எழுபத்திரண்டில். அவர் அதிகம் படித்தவரில்லை. ஆனால் பெண்டாட்டி மூச்சுக்குத் திணறுகிறதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு ஒரு வெறி வந்துவிடும். பட்டறை விட்டதும் வீட்டு முற்றத்தில் சட்டி வைத்தார். புளியங்கொட்டையை வறுத்து, தோல் நீக்கி, இடித்துக் காய்ச்சினார். காகிதம் ஒட்டினாற்போல அருமையாக ஒட்டியது. தண்ணீர் பட்டதும் வழுக்கிக்கொண்டு போனது. கருவேலம்பிசினைக் கரைத்துப் பார்த்தார். அதுவும் அதே கதை.

கடைசியில் கடலைப் புண்ணாக்கில் வந்து நின்றார். விளாத்திகுளத்து எண்ணெய் ஆலையிலிருந்து, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் பிழிந்த புண்ணாக்காகப் பார்த்து வாங்கி, மாவாக்கிச் சலித்து ஊறவைத்தார். அதில் சிப்பி சுட்ட சுண்ணாம்பைச் சேர்த்தபோது கலவை திரண்டு நூலாக இழுத்தது. சுண்ணாம்பு கூடினால் உடனே கட்டியாகும், குறைந்தால் தண்ணீரில் கரையும். அந்த அளவைப் பிடிக்க ஒரு வருஷம் போயிற்று. சிலுவை மாட்டுத் தீவனத்தில் பெட்டி செய்கிறார், எஸ்டேட்டுக்காரன் தேயிலையைக் கொட்டிவிட்டுப் பெட்டியை மாட்டுக்கு வைக்கலாம் என்று தெருவில் கேலி பேசினார்கள். விக்டோரியாவும் சிரித்தாள். சிரித்து முடிக்க அவளுக்கு மூச்சுப் பற்றவில்லை.

ஒட்டிய பலகை தண்ணீருக்குத் தாங்குமா என்று பார்க்க வேண்டுமே. தருவைகுளத்தில் விக்டோரியாவின் தம்பி ரோச்சுக்கு ஒரு வள்ளம் இருந்தது. அதன் நங்கூரக் கயிற்றில் ஆறு பலகைகளைக் கட்டி, இருபது நாள் கடலில் போட்டுவைத்தார். எடுத்தபோது பாசி படர்ந்திருந்தது. ஓரத்தில் நகத்தைக் கொடுத்தார், பிரியவில்லை. கத்தியைக் கொடுத்து நெம்பினார். மரம் கிழிந்தது, பசை விடவில்லை. சிலுவை கரையில் முழங்காலிட்டு மாதாவே என்று அழுதேவிட்டார்.

நல்ல தண்ணீரில் போட்டுப் பார்க்க வேண்டும் என்று அந்த மனுஷனுக்குத் தோன்றவேயில்லை. அவரைக் குற்றம் சொல்லுவானேன்? கடற்கரைக்காரனுக்குத் தண்ணீர் என்றால் கடல். நல்ல தண்ணீர் என்பது பெண்டாட்டி குழாயடியில் வரிசையில் நின்று, திணறித் திணறிச் சுமந்து வருகிற பொருள். அதில் பலகையை ஊறப்போட யாருக்கு மனம் வரும்? கடலே அசைக்காததை வேறு எது அசைக்கப் போகிறது என்று நினைத்தார்.

எழுபத்துமூன்று கடைசியில் அரபு நாட்டு எண்ணெய்க்கு முடை வந்தது. அதோடு பார்மலினும் கிடைக்காமல் போயிற்று. பட்டறை இரண்டு மாதம் பாதி நாள் மூடிக் கிடந்தது. வேறு வழியில்லாமல் அண்ணாச்சி சிலுவையின் முற்றத்துக்கே வந்து, கடலில் ஊறிய பலகையைக் கையால் வளைத்துப் பார்த்தார். மாசியில் பட்டறை புண்ணாக்குப் பசைக்கு மாறியது.

அந்த நான்கு மாதம்தான் அவர்கள் வாழ்ந்த வாழ்க்கை என்று சொல்ல வேண்டும். பட்டறைக்குள் கடலைமாவு வாசம் அடித்தது. விக்டோரியா முகத்தில் கட்டியிருந்த ஈரத்துணியை அவிழ்த்துப் போட்டாள். சித்திரையில் குடத்தை நிற்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ஒருநாள் காலையில் சிலுவை எழுந்தபோது அவள் தரையில் கால் நீட்டி, மல்லாந்து படுத்து, வாய் மூடித் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளை எழுப்பாமல் அவரே அடுப்பைப் பற்றவைத்தார்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை ஆனி மாதம் நடந்தது. மலை எஸ்டேட்டுக்கு அனுப்பிய பெட்டிகள் லாரியோடு திரும்பி வந்தன. அங்கே பிடித்த சாரலில் கிட்டங்கியில் அடுக்கியிருந்த பெட்டிகளெல்லாம் பூசணம் பூத்துவிட்டன. தகடுகளுக்கு நடுவே பசை இருந்த இடம் பச்சைப் பசேலென்று நொதித்துக் கிடந்தது. தொட்டால் மூன்று தகடும் தனித்தனியாகக் கையோடு வந்தன. ஊசிப்போன சோற்று நாற்றம் தேயிலையிலும் ஏறியிருந்தது.

அண்ணாச்சி சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் சிலுவைக்கு ஆறுதலாக இருந்திருக்கும். விக்டோரியா ஒரு தகட்டை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

"கருவாடு போடுத வீட்ல பொறந்தவ நான். உப்புல கெடக்கவரைக்கும் எதுவும் ஊசாது. கடல்ல போட்டுப் பாத்தா பூசணம் எப்படிப் பிடிக்கும்? அது எனக்குமில்லா தோணாமப் போச்சு" என்றாள்.

சிலுவை இருபது நாள் தவணை கேட்டார். அண்ணாச்சி கொடுத்தார். உப்புதானே காப்பாற்றியது என்று பசையிலேயே உப்பைப் போட்டார். பலகை ஈரக்காற்றைக் குடித்து வியர்த்தது, பசை இறுகவேயில்லை. வேப்பெண்ணெய் கலந்தார்; ஒட்டவே இல்லை. துறைமுகத்துக்கு மரம் சோதிக்க வந்த எஸ்றா என்ற அதிகாரியைப் பிடித்து, பசையைக் காட்டி வழி கேட்டார். அவர் நல்ல மனுஷர், விரலில் தொட்டுப் பார்த்து மெச்சினார். இந்தப் பசைக்குப் பூசணம் பிடிக்காமலிருக்க உலகமெங்கும் ஒரே மருந்துதான், கொஞ்சம் பார்மலின் ஊற்றுங்கள் என்றார்.

கொஞ்சம்தானே, பழைய பசையில் உள்ளதில் பத்தில் ஒரு பங்குகூட வராதே என்று சிலுவை அண்ணாச்சியிடம் ஓடினார். அதற்குள் பார்மலின் மறுபடியும் கடைக்கு வந்துவிட்டது.

"ஏலே சிலுவை, நான் ஒன்னையக் குத்தம் சொல்லல. எஸ்டேட்டுக்காரன் இனிமே புண்ணாக்குப் பெட்டியே வேண்டாம்ங்கான். திங்கக்கிழமையிலருந்து பழைய பசைதான்."

"அவளை மட்டும் வேற வேலைக்கு மாத்திருங்க அண்ணாச்சி. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அண்ணாச்சி வெளியே பார்த்தார். ஒரு ஜோடிக்கு விட்டுக்கொடுத்தால் நாளைக்கு மற்ற ஏழு ஜோடியும் வந்து நிற்கும் என்று மெதுவாகச் சொன்னார். அவர் சொன்னதில் பொய் இல்லை. மற்ற ஏழு பெண்களும் இருமிக்கொண்டுதான் இருந்தார்கள்.

வேலையை விட்டுவிடுவோம் என்று வீட்டில் சிலுவை சொன்னார். விட்டுவிட்டு எங்கே போக என்று விக்டோரியா கேட்டாள். கேட்டுவிட்டு, முகத்தில் கட்டுகிற துணியைத் தேடி எடுத்து அலசினாள்.

திங்கட்கிழமை காலை சிலுவை பார்மலின் பசையைக் கலக்கினார். இரண்டு வருஷம் சட்டி சட்டியாகக் காய்ச்சி எந்த நெடியிலிருந்து அவளை வெளியே இழுத்தாரோ, அந்த நெடியைத் தன் கையாலேயே கிண்டினார். வாளியைத் தூக்கிக்கொண்டு மேசைக்கு வந்தார். விக்டோரியா துணியை நனைத்து மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, தட்டை நீட்டியபடி நின்றாள். வாளியைச் சரிக்க அவருக்குக் கை வரவில்லை.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிய? பசை இறுகிரும், ஊத்துங்க" என்றாள்.

ஊற்றினார். அவள் தூரிகையை முக்கி முதல் தகட்டில் இழுத்தாள், இரண்டாவதில் இழுத்தாள். மூன்றாவது தகட்டில் இருமல் தொடங்கியது. முதல் வாளி தீருவதற்குள் அடுத்த வாளி தயாராக இருக்க வேண்டும். சிலுவை திரும்பிப் போய் இரண்டாவது வாளியைக் கலக்கத் தொடங்கினார்.