முதற்பிரதிக்குள் இருந்த வினாத்தாள்

சென்ற கிழமை சென்னையிலிருந்து என் பதிப்பாளர் ஒரு பொதி அனுப்பியிருந்தார். பிரித்தால் உள்ளே புத்தகம் இல்லை, இருநூறு ஒட்டுத்தாள்கள். நான் அவற்றில் கையெழுத்துப் போட்டு அனுப்பவேண்டும். இணையத்தில் முன்பதிவு செய்தவர்களின் பிரதிகளில் அவர்கள் அங்கேயே ஒட்டிவிடுவார்களாம். வாசகர் என்னைப் பார்க்கத் தேவையில்லை, நான் புத்தகத்தைக்கூடப் பார்க்கத் தேவையில்லை. எல்லோருக்கும் வசதி. சாப்பாட்டு மேசையில் இருந்து நாற்பது தாள் வரை போட்டேன். பிறகு சின்னம்மாவின் நினைவு வந்து பேனாவை மூடிவைத்தேன்.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. கலியாணம் கட்டவில்லை, கொழும்பு வெள்ளவத்தையில் எங்களோடு அதே ஃபிளட்டில்தான் இருந்தார். கோட்டையில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் வேலை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், கழித்துப்போட்ட கணினித் தாள்களின் பின்பக்கத்தில் கதை எழுதுவார். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் கதை வந்தால் அப்பா தேத்தண்ணியோடு விரித்துப் பார்த்துவிட்டு, "நல்லா வந்திருக்கு" என்பார். அவர் சொன்னது கதைக்குப் போட்டிருந்த படத்தை. அம்மா பெயரை மட்டும் பார்த்துச் சந்தோசப்படுவார். அதற்குப் பிறகும் சின்னம்மா கொஞ்ச நேரம் எங்கள் முகங்களைப் பார்த்தபடி நிற்பார். வெறுங்கோப்பையை எடுத்துப்போகத்தான் நிற்கிறார் என்று நான் நினைத்திருந்தேன்.

எனக்குப் பத்து வயதானபோது அவருடைய முதல் புத்தகம் வந்தது. காலி வீதியில் ஒரு புத்தகக்கடையின் மேல்மாடியில், ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு வெளியீடு. கீழே பாடப்புத்தகமும் கொப்பியும் விற்பார்கள். மேலே நாற்பது பிளாஸ்டிக் கதிரைகளும், சுற்றுகிறதா நிற்கிறதா என்று தெரியாத ஒரு மின்விசிறியும் இருக்கும்.

எங்கள் வெளியீட்டு விழாக்களுக்கு ஒரு முறை உண்டு. முதற்பிரதியைப் பெயர்பெற்ற ஒரு வர்த்தகர் வாங்குவார். பிறகு ஒவ்வொரு பெயராகக் கூப்பிடக் கூப்பிட, ஆட்கள் மேடைக்குப் போய்க் காசுக் கவரைக் கொடுத்து, மினுங்கும் தாளில் சுற்றிய சிறப்புப் பிரதியை வாங்கி, கமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டு இறங்குவார்கள். அந்தச் சுற்றைப் பிரிக்கும் வழக்கம் மட்டும் இல்லை. அப்பா அப்படி வாங்கிவந்த பொதிகள் குறைந்தது பதினைந்து எங்கள் அலுமாரிக்கு மேல் இருந்தன. தீபாவளிக்குத் தீபாவளி அம்மா அவற்றைத் தூசு தட்டி அதே இடத்தில் வைப்பார். புத்தகத்தில் இரண்டு வகை இருக்கிறது, ஒன்று வாசிப்பதற்கு, மற்றது அலுமாரிக்கு மேல் வைப்பதற்கு என்றே நான் விளங்கி வைத்திருந்தேன்.

வெளியீட்டுக்கு முதல் நாள் அம்மாவும் சின்னம்மாவும் பிரதிகளைச் சுற்றி அடுக்கினார்கள். தொட்டுப் பார்க்கப் போன என்னை, "அது பெரியாக்களின்ர புத்தகம்" என்று அம்மா துரத்திவிட்டார். அதோடு விட்டிருப்பேன். ஆனால் அண்ணா என் காதுக்குள், "உன்னைப் பற்றி அதில ஒரு கதை இருக்கு, நீ பாயில மூத்திரம் போனதெல்லாம் எழுதியிருக்கு" என்றான். அவன் வாயைத் திறந்தால் பொய் என்பது தெரிந்தும் அதைப் பார்க்காமல் விட முடியவில்லை. வகுப்பில் யாராவது வாசித்துவிட்டால் என் கதை கந்தல்.

ஞாயிறு காலை எல்லோரும் குளிப்பும் சேலையுமாக ஓடித்திரிந்த நேரத்தில் பொதிகளுக்குக் கிட்டப் போனேன். மற்றவற்றைப் பசைநாடாவால் இறுக ஒட்டியிருந்தார்கள். முதற்பிரதி மட்டும் சிவப்பு ரிபனால் கட்டப்பட்டிருந்தது, இழுத்தால் வந்துவிடும். இழுத்தேன். புத்தகத்தை எடுத்துக்கொண்டு, பொதி மெலிந்து தெரியாமல் இருக்க, அதே அளவில் கைக்குக் கிடைத்த ஒன்றை உள்ளே வைத்துக் கட்டினேன். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் மாதிரி வினாத்தாள் புத்தகம்.

பின் பல்கனியில், காயப்போட்ட சேலைகளுக்குப் பின்னால் இருந்து வாசித்தேன். ஒரு வடையும் துணைக்கு இருந்தது. முதல் கதையில் நான் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதுக்கு வந்தபோது என்னைத் தேடுவதை மறந்துவிட்டேன். நாலாவது கதையில் ஒரு பெண் தெஹிவளை ரயில் நிலையத்தில், யாரோ விட்டுப்போன குடையை வைத்துக்கொண்டு தினமும் காத்து நிற்கிறாள். பாதி வாசித்திருக்கையில் அப்பா பொதிகளை எல்லாம் ஓட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டார். புத்தகத்தை என் டியூசன் பைக்குள் ஒளித்து, கடைசி நேரத்தில் மாற்றிவிடலாம் என்று கொண்டுபோனேன். மாற்ற ஒரு வழியும் கிடைக்கவில்லை.

முதற்பிரதி வாங்க ஒப்புக்கொண்டவர் எங்கள் பக்கத்துப் புடவைக்கடை ஹாஜியார். புத்தக வெளியீட்டுக்கு அவர் அதுவரை போனதில்லை. வாங்கிய சாமானைப் பிரித்துப் பார்க்காமல் அவர் எந்தக் காலத்திலும் கையில் வைத்ததும் இல்லை. மேடையில் பொதியை வாங்கினார். கமராக்காரர் சிரிக்கச் சொன்னார். ஹாஜியார் சிரிக்காமல் ரிபனை இழுத்தார்.

மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து அட்டையை உரக்க வாசித்தார். சின்னம்மா மைக்குக்குப் பக்கத்தில் புதுச் சேலையோடு நின்றார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. பதினெட்டு வருடம் எழுதியவரின் முதல் புத்தகத்தை நான் ஒரு வடையோடு நாசம் பண்ணிவிட்டேன்.

ஹாஜியார் இரண்டு பக்கம் புரட்டினார். "இந்தச் சோதின நான் அந்த நாள்லயே பாஸ் பண்ணல்ல தங்கச்சி. இப்ப எழுதச் சொன்னா எப்பிடி?" என்றார்.

முதலில் சிரித்தது புத்தகக்கடை முதலாளி. பிறகு சபை முழுக்கச் சிரித்தது. அம்மா மட்டும் சிரிக்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பிறகு ஒளிக்க ஒன்றும் இல்லை. நான் எழும்பி, மேடைக்குப் போய், டியூசன் பையைத் திறந்து புத்தகத்தைக் கொடுத்தேன். அட்டையில் எண்ணெய்ப் பொட்டு. நாலாவது கதையில் மூலை மடிப்பு. ஹாஜியார் அந்த மடிப்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டு அதை என் கையிலேயே திருப்பித் தந்தார். "புள்ள வாசிச்சிட்டு இரிக்கிது. அதப் பறிக்க ஏலாது. எனக்கு வேற ஒண்டு தாங்க" என்றார். அந்த மனிதருக்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டவள்.

பிறகுதான் வேடிக்கை. சிறப்புப் பிரதி வாங்கிய ஒவ்வொருவரும், தங்களுக்கும் வினாத்தாள்தான் வந்திருக்கிறதோ என்று, கதிரைக்குப் போனதும் போகாததுமாகச் சுற்றைக் கிழித்துப் பார்த்தார்கள். மண்டபம் முழுக்க மினுங்கும் தாள் சரசரத்தது. பிரித்தவர்கள் முதல் பக்கத்தைப் பார்த்தார்கள். சிலர் அடுத்த பக்கத்தையும் பார்த்தார்கள். சிறப்புரை செய்த பெரியவர் அரை மணி நேரம் பேசினார், பாவம், குனிந்த தலைகளுக்குத்தான் பேசினார். முடிந்ததும் பத்துப் பதினைந்து பேர் திறந்த புத்தகத்தோடு சின்னம்மா முன்னால் வரிசையில் நின்றார்கள். கையெழுத்துக் கேட்பார்கள் என்று நினைக்காத சின்னம்மாவிடம் பேனா இல்லை. கடை முதலாளி கீழே ஓடிப்போய் ஒன்று கொண்டுவந்தார்.

அந்தக் கடை இப்போது இல்லை. கீழே கைத்தொலைபேசி உறைகள் தொங்குகின்றன, மேலே டியூசன் நடக்கிறது. சின்னம்மாவும் இல்லை. அவர் இருந்திருந்தால் இந்த ஒட்டுத்தாள்களைப் பார்த்து, "ஆரெண்டு தெரியாமல் என்னெண்டு பிள்ளை கையெழுத்து வைக்கிறது?" என்று கேட்டிருப்பார். அன்று வரிசையில் வந்த ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டுக் கேட்டுத்தான் எழுதினார்.

விழா முடிந்து வீட்டுக்கு வந்ததும் அம்மா அகப்பைக்காம்பைத் தேடினார். சின்னம்மா என்னை இழுத்துத் தன் பக்கத்தில் இருத்திக்கொண்டார்.

"எத்தினை கதை வாசிச்சனி?"

"மூண்டு. நாலாவது அரைவாசி."

நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். அடி எப்படியும் விழும், அதற்கு முன் கேட்கவேண்டியதைக் கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

"சின்னம்மா, அந்த மனிசி கடைசியில குடையைக் குடுத்தவவோ? அந்த ஆள் வராட்டில் அவ என்ன செய்யிறது?"

சின்னம்மாவின் கண் நிறைந்து, வழிந்து, சேலைத் தலைப்பால் துடைக்கத் துடைக்க வந்துகொண்டிருந்தது. அம்மா அகப்பைக்காம்போடு அப்படியே நின்றார். சின்னம்மா எண்ணெய்ப் பொட்டுப் பட்ட அந்தப் புத்தகத்தை எடுத்து, முதல் பக்கத்தில் "என் முதல் வாசகிக்கு" என்று எழுதிக் கையெழுத்து வைத்து என் மடியில் போட்டார்.

பள்ளிக்கூடத்தில் குழப்படி செய்தால் ரீச்சர் கொப்பியில் எழுதிக் கையெழுத்து வைத்துத் தருவது போல, நான் செய்த களவை என்றைக்கும் அழியாமல் எழுதித் தந்துவிட்டார் என்றே நினைத்தேன். யாரும் பார்க்காத நேரம் பார்த்து, கதிரை வைத்து ஏறி, அதை அலுமாரிக்கு மேல், பிரிக்காத பொதிகளுக்குப் பின்னால் தள்ளி ஒளித்துவைத்தேன். சின்னம்மா அழுதது என்னால்தான் என்பது மட்டும் விளங்கியது. ஏன் அழுதார் என்று விளங்கவில்லை.