அண்ணியின் வெப்பம்

என் அண்ணி வேலை பார்ப்பது, பூக்களைப் பெட்டியில் அடுக்கி விமானத்துக்கு அனுப்பும் ஒரு கிடங்கில். அங்கே ரோஜாக்களுக்கென்றே ஒரு குளிரறை உண்டு. கனத்த கதவைத் தள்ளித் திறந்தால் வெண்புகை காலைச் சுற்றிக்கொள்ளும். உள்ளே வாளி வாளியாக, வாய் திறக்காத மொட்டுகள். மற்றவர்கள் கம்பளிச் சட்டை மாட்டிக்கொண்டு ஓடிப்போய் ஓடிவருவார்கள். ஐம்பதைத் தொட்ட வருடம் அண்ணி அங்கே கம்பளி எதுவுமில்லாமல் போய் நிற்க ஆரம்பித்தார்.

நெஞ்சில் கிளம்பும் சூடு கழுத்தேறிக் காதுமடல் வரை போகுமாம். கண்ணை மூடிக்கொண்டு நின்றால், சுற்றியுள்ள மொட்டுகளெல்லாம் மெல்ல மூச்சு விடுவதுபோல் இருக்குமாம். எவ்வளவு நேரம் நின்றோம் என்பதே தெரியாதாம். கிடங்கில் 'பெங்குவின் அக்கா' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

"பூவோட பூவா உங்களையும் பெட்டியில வச்சு அனுப்பிடப் போறேன்க்கா" என்பார் மேற்பார்வையாளர்.

"அனுப்புப்பா. குளிரான ஊராப் பாத்து அனுப்பு."

சிரிப்பெல்லாம் கிடங்கோடு சரி. வீட்டில் தூக்கம் போயிற்று. பேசிக்கொண்டிருக்கும்போதே வார்த்தை நழுவிப் போகும். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு "அது... அந்த அது" என்று திணறுவார். அண்ணன் எடுத்துக்கொடுத்தால் எரிந்து விழுவார். எடுத்துக்கொடுக்காவிட்டாலும் எரிந்து விழுவார். பாவம், அண்ணன் வீட்டுக்குள் பூனை மாதிரி நடந்தான்.

மாடி அறையில் இருக்கும் எனக்கு வேறு தொல்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பார்ப்பவள் நான். மாதவிடாய் வந்தால் நிற்பதேயில்லை. உடம்பு வெளிறிப்போய், நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான் வேலை செய்வேன். உதிரத்தை நிறுத்த ஒரு மாத்திரை தந்திருந்தார்கள். நிறுத்தியது, கூடவே வயிறு உப்பி, காரணமில்லாமல் அழுகையும் வந்தது.

ஒரு மதியம் மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது அண்ணி என் மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுவும் ஹார்மோன்தானே? எனக்கும் அதுதான் குறையுதுன்னு சொல்றாங்க. ஒண்ணு குடேன், போட்டுப் பாக்குறேன்."

"மிட்டாயா அண்ணி இது?" என்று பிடுங்கிக்கொண்டேன். "வாங்க, ரெண்டு பேருமே டாக்டரைப் பாத்துட்டு வந்துடலாம்."

டாக்டரம்மா நிதானமாகப் பேசுகிறவர். எங்கள் இருவரையும் எதிரே உட்காரவைத்து, பரிசோதனைகளெல்லாம் முடித்துவிட்டு அண்ணியைப் பார்த்துச் சொன்னார்.

"ரெண்டு பேருக்கும் ஹார்மோன்தான். ஆனா வேலை வேற. இவங்களுக்குக் கர்ப்பப்பையோட உள்சுவர் தடிச்சுப் போகுது, அதை அடக்கணும். உங்களுக்கு மாதவிடாய் நிக்கற வயசு, ஈஸ்ட்ரோஜன்கற ஹார்மோன் வத்திட்டு வருது, அதைக் கொஞ்சம் ஊத்தணும். அது மட்டும் கொடுத்தா உள்சுவர் வளர்ந்துடும். அதனால கூடவே இன்னொரு ஹார்மோனும் சேர்த்துத் தரணும்."

"மாத்திரையா கொடுங்கம்மா. முழுங்கிட்டுப் போயிடுவேன்."

"முழுங்கற ஈஸ்ட்ரோஜன்ல ரத்தம் உறையற வாய்ப்பு கொஞ்சம் கூடும். உங்களுக்கு ரத்த அழுத்தமும் இருக்கு. தோல் வழியாப் போறது நல்லது."

அண்ணி தயங்கி, "புற்றுநோய் வரும்கறாங்களே?" என்றார்.

"மார்பகத்துல சின்னதா ஒரு ஆபத்து இருக்கு. எடுக்கற வருஷம் கூடக்கூட அதுவும் கூடும். அதனால வருஷா வருஷம் உக்காந்து பேசித்தான் தொடரணும். பயமா இருந்தா ஹார்மோன் இல்லாத மருந்தும் இருக்கு. யோசிச்சுச் சொல்லுங்க."

அண்ணி, "ஒரு நாளாவது முழுசாத் தூங்கணும்மா" என்றார். அதுதான் பதில்.

முதலில் இடுப்பில் ஒட்டும் மருந்துப் பட்டை கொடுத்தார்கள். வியர்வையில் அது நிற்கவில்லை. ஒரு காலை தேடு தேடென்று தேடியும் கிடைக்காமல், சாயங்காலம் அண்ணன் சட்டையைக் கழற்றியபோதுதான் தெரிந்தது: அவன் முதுகில் ஒட்டியிருந்தது. நாள் முழுக்க அதோடு அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறான்.

"அதான் இன்னிக்கு உன் முகத்துல ஒரு களை!" என்றேன்.

அண்ணி சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்தச் சிரிப்பைக் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

பிறகு பட்டைக்குப் பதிலாகக் கையில் தடவும் ஜெல். சேர்த்துத் தருவதாகச் சொன்ன இன்னொரு ஹார்மோன், படுக்கும் முன் விழுங்கும் குளிகை. அது கண்ணைச் சொக்கவைக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். எனக்கு மாத்திரையை நிறுத்திவிட்டு, கர்ப்பப்பைக்குள் ஹார்மோன் சுரக்கும் ஒரு சிறு சாதனத்தை வைத்தார்கள். முதல் சில மாதங்கள் உதிரம் சொட்டுச் சொட்டாகக் கசிந்துகொண்டே இருந்ததில், எடுத்துவிடலாமா என்று இரண்டு முறை கிளம்பிவிட்டேன். இரண்டு முறையும் அண்ணிதான் வாசலில் மறித்தார். அப்புறம் கசிவு அடங்கி, உடம்பில் ரத்தம் ஊறி, நாற்காலியின் துணையில்லாமல் நின்றேன்.

அண்ணியின் சூடு ஒரேயடியாகப் போய்விடவில்லை. தூரத்தில் யாரோ அடுப்பு மூட்டியது போல எப்போதாவது வந்து போகிறது. ஆனால் தூக்கம் வந்தது. தூக்கத்தோடு கனவுகளும். காலையில் தேநீரை ஆறவிட்டு அதைச் சொல்லுவார்.

"தண்ணி மேல நடக்கறேன். கீழே எல்லாம் விளக்கு. உங்க அண்ணன் ஒரு மீன் மேல உக்காந்து பேப்பர் படிக்கிறார்."

"என்ன செய்தி போட்டிருந்தது?" என்றான் அண்ணன்.

அண்ணி கண்ணை மூடி யோசித்தார். நாங்கள் இருவரும் அவசரப்படுத்தவில்லை.

"படிக்கவிட்டாத்தானே? மீன் ஆடிட்டே இருந்துச்சு" என்றார்.