கேசட் சாரிடம் "புரியல" என்று சொல்லாதவர்கள்

பாடம் நடத்துகிறவரைப் பிள்ளைகள் திட்டவாவது செய்வார்கள். பாடத்தை டிவியில் போட்டுக் காட்டுகிறவனுக்கு அந்தக் கொடுப்பினையும் கிடையாது. தஞ்சாவூரில் ஒரு மாடி அறையில், வளைகுடா வேலைக்குத் தேர்வு எழுதும் நர்ஸ்களுக்கு வீடியோ கேசட் போட்டுப் பிழைத்தவன் நான். என்னைப் போல மாட்டிக்கொண்ட புண்ணியவான்கள் யாராவது இருந்தால், வாங்க, சேர்ந்து அழுவோம்.

எழுந்து நின்ற வகுப்பு

சென்னையில் ஒரு டாக்டர் நடத்திய பாடங்கள் கேசட்டாக வரும். அவருக்கு நாங்கள் வைத்த பேர் கேசட் சார். அவர் திரையில் வந்ததும் மொத்த வகுப்பும் எழுந்து நின்று வணக்கம் சொல்லும். டிவிக்குத்தான்!

பாடத்தின் நடுவே அவர் "புரிஞ்சுதா?" என்று கேட்டுக் கொஞ்சம் நிறுத்துவார். "புரிஞ்சுது சார்" என்று எல்லோரும் ராகம் போடுவார்கள். ஒரு மண்ணும் புரிந்திருக்காது. "புரியலன்னா வாயத் தொறந்து சொல்லுங்கம்மா, திரும்பப் போடுறேன். ரீவைண்ட் பட்டன் எதுக்கு இருக்கு?" என்று தொண்டை வறளக் கத்துவேன். ஒருத்தி அசைய மாட்டாள். கடைசியில் பூதலூர் ஜெசிந்தாதான் காரணம் சொன்னாள்.

"அவரு எவ்ளோ பாடுபட்டுச் சொல்றாரு. புரியலன்னா அவரு மனசு கஷ்டப்படாதாண்ணே?"

அம்மாவுக்கு நடத்திய பாடம்

ஜெசிந்தா ஏற்கெனவே ஒரு தடவை தேர்வில் கோட்டை விட்டவள். ஆற்றில் தண்ணீர் வராமல் குறுவை போய், சம்பாவும் கருகி, அப்பா படுத்துவிட்டார். இவள் பாஸானால்தான் வீட்டில் உலை கொதிக்கும்.

அவளோ சினிமா பார்ப்பதுபோல ஒரே கேசட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். கேசட் சார் எந்த இடத்தில் இருமுவார் என்பதுகூட அவளுக்கு மனப்பாடம். கேள்வி கேட்டால் மட்டும் திருதிருவென்று முழிப்பாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கொஞ்சம் பாடம் ஓடியதும் டிவியை நிறுத்தினேன். "நோட்டை மூடு. கேட்டதை உன் வாயால இதுல சொல்லு" என்று டேப் ரெக்கார்டரை நீட்டினேன். தனியாகப் பேச வெட்கப்பட்டாள். "எதிர்ல உங்க அம்மா உக்காந்திருக்காங்கன்னு நெனச்சுக்க" என்றேன்.

அன்றிலிருந்து தினமும் அம்மாவுக்குத்தான் பாடம். பேசியதைப் போட்டுக் கேட்பாள், தப்பு வந்த இடத்தில் கேசட் சாரை மறுபடி பார்ப்பாள். ஒவ்வொரு பாடமும் அவர் மாதிரியே "புரிஞ்சுதாம்மா?" என்றுதான் முடியும்.

"எங்கம்மாவுக்கே புரியுற மாதிரி சொல்லிட்டேன்னா, பரீட்ச என்னண்ணே பரீட்ச!"

அதிரசம்

பாஸாகிவிட்டாள். அம்மா ஆரோக்கியமேரி ஒரு தூக்கு நிறைய அதிரசத்தோடு மாடி ஏறி வந்தார். ஜெசிந்தா எங்களுக்கு எடுத்துக் கொடுத்துவிட்டு, டிவி மேலேயும் ஒன்று வைத்தாள், கேசட் சாருக்கு. எல்லோரும் சிரித்தோம். அந்த அம்மா மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"எம்புள்ளய ஃப்ளைட் ஏத்திவிட்டது நீங்கதான் தம்பி."

திரும்பப் போட்டது

அந்த வார்த்தை இன்னும் என்னைக் குத்துகிறது. போன இடத்தில், டூட்டி முடிந்து திரும்பும்போது ஜெசிந்தா வந்த வேன் கவிழ்ந்துவிட்டது. பூதலூருக்குப் பெட்டிதான் வந்தது. கல்லறையில் மண் தள்ளும்போது அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

கொஞ்ச நாள் கழித்து அவரே பாசஞ்சர் பிடித்து வந்தார். "அவ எனக்குப் பாடம் சொன்ன கேசட்டு இங்க இருக்குன்னாளே தம்பி" என்றார். தேடி எடுத்துப் போட்டேன். "அம்மா, நம்ம இதயத்துல நாலு அறை இருக்கு. மேல ரெண்டு, கீழ ரெண்டு…" என்று ஆரம்பித்தாள் ஜெசிந்தா. ரத்தம் எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகிறது என்று பொறுமையாகச் சொன்னாள். அந்த அம்மா சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே இருந்தார். எனக்குத் தாங்கவில்லை. "புரிஞ்சுதாம்மா?" என்று குரல் கேட்டதும் நிறுத்தக் கையை நீட்டினேன்.

"புரியல தம்பி. திரும்பப் போடுங்க."

இத்தனை வருஷம் நான் கத்தியதைக் கேட்டு நடந்த ஒரே மாணவி அந்த அம்மாதான். அவருக்குச் சொல்லிக் கொடுக்கத்தான் என்னிடம் ரீவைண்ட் பட்டனைத் தவிர வேறொன்றும் இல்லை.